பின்னாலேயே வந்த வாய்க்கால்

ஓடப்பட்டினத்துக்குப் போனால் எந்தப் பேட்டையில் தங்குவது என்ற கேள்வியை ஆவுடையப்பன் ஒரு கோடை முழுக்கத் தலையில் சுமந்துகொண்டு திரிந்தார். கீழக்கரடு பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று ஊருக்கே விசில் ஊதிச் சொன்ன மனிதருக்கு, தன் காரியம் என்று வந்துவிட்டால் இட்லியா தோசையா என்று முடிவு பண்ணுவதற்குள் ஓட்டலில் மாவு தீர்ந்துவிடும். முடிவெட்டுகிறவரிடம் கேட்டார், துணி தேய்க்கிறவரிடம் கேட்டார், ஓடப்பட்டினத்தில் பெண் எடுத்த தூரத்துச் சொந்தக்காரனை பஸ் ஏறிப் போய்க் கேட்டார். கோட்டைப்புறத்தில் தங்கினால் ஜன்னலைத் திறந்ததுமே வாய்க்கால், ஆனால் கொசு ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்றார்கள். மிளகுப்பேட்டையில் மிளகு மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கிகளை லாட்ஜாக மாற்றியிருக்கிறார்கள், அறை ஒவ்வொன்றும் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும், ஆனால் விடிய விடியத் தும்ம வேண்டும் என்றார்கள். துறைமேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அறை, ஆனால் நீங்கள் படுப்பதற்கு முன்னால் மீன் வாசனை வந்து கட்டிலில் படுத்திருக்கும் என்றார்கள். உப்புப்பேட்டையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஏனென்றால் தெருவுக்குத் தெரு வாய்க்கால் ஓடும் அந்தப் பழைய நகரத்தில் தண்ணீர் இல்லாத ஒரே பேட்டை அதுதான்.

இத்தனை பேரிடம் கேட்டவர் தன் மனைவி சங்கரவடிவிடம் மட்டும் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில், "உன்ன ஓடப்பட்டினம் கூட்டிட்டுப் போயி படகுல உக்கார வைக்கேன்" என்று அவளிடம் சொல்லியிருந்தார். பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்து, இருவருக்கும் தலை நரைத்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு வேளை வந்தது. அவள் கரிசல் பூமியில் பிறந்து கரிசல் பூமியிலேயே வாக்கப்பட்டவள், குழாயில் பத்து நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வந்தால் அதை நல்ல மாதம் என்று சொல்லுகிற தெருக்காரி, பாவாடை கட்டிய காலத்திலிருந்து இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாகத் தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே நடந்து நடந்து குதிகால் வெடித்தவள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார ஒரு இடம் கிடைத்தால் போதும், அது எந்தப் பேட்டையாக இருந்தால் என்ன என்று அவள் நினைத்தாள்.

கடைசியில் கோட்டைப்புறத்தில்தான் இறங்கினார்கள். ஓடப்பட்டினத்தில் ஊரைச் சுற்றி வரும் அகலமான வாய்க்காலுக்கு மாமியார் வாய்க்கால் என்று பெயர், அது யாருக்காகவும் அசைந்து கொடுக்காது; கோட்டைப்புறத்து லாட்ஜுகளின் முன்னால் நெளிந்து ஓடுகிற ஒல்லி வாய்க்காலுக்கு மருமகள் வாய்க்கால் என்று பெயர். மருமகள் ஒரு காலத்தில் உப்புப்பேட்டை வழியாகத்தான் ஓடினாள். பெரிய புயலில் அங்கே மணல் அடைத்துக்கொண்டதும் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது, ஊரார் அதை "மருமவ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா" என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் சங்கரவடிவு லாட்ஜின் கடைசிப் படியில் உட்கார்ந்து, வெடித்த குதிகால்களைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி அதனிடம் பேசினாள்.

"எங்க ஊருக்குத்தான் நீ வரமாட்ட. இன்னும் ரெண்டு படி ஏறி வந்தா என்ன, தேஞ்சா போயிருவ?"

காலையில் அவர்கள் கதவைத் திறந்தபோது வாய்க்கால் படியெல்லாம் ஏறி, வராந்தாவைக் கடந்து, அறை வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது, அவளுடைய செருப்புகள் இரண்டும் ஜோடி பிரியாமல் அதன் மேல் மிதந்துகொண்டிருந்தன. லாட்ஜ்காரர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, கடலில் ஏற்றம் போல என்றார். ஆவுடையப்பன் கொசுக்கடியைச் சொறிந்துகொண்டே மிளகுப்பேட்டைக்குப் போய்விடலாம் என்றார், மறுநாள் காலையில் மருமகள் வாய்க்கால் மிளகுப்பேட்டையில் கிட்டங்கிச் சந்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அவருக்குத் தும்மல் தாங்கவில்லை, துறைமேட்டுக்குப் போனார்கள், மறுநாள் வாய்க்காலும் மீன் சந்தையை ஊடறுத்துக்கொண்டு துறைமேட்டு லாட்ஜின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு ஏற்றம் என்று யாரும் சொல்லவில்லை.

ஓடப்பட்டினத்துக்காரர்கள் தண்ணீரோடு பிறந்து தண்ணீரோடு சண்டை போட்டு வளர்ந்தவர்கள், அதனால் வாய்க்கால் ஒரு பெண்பிள்ளையின் பின்னால் போகிறது என்று தெரிந்ததும் எப்படி என்று கேட்காமல், நாளைக்கு எங்கே என்று கேட்டார்கள். படகுக்காரர்கள் சாயங்காலமானால் டீக்கடையில் கூடி, "அந்தக்கா இன்னைக்கு எங்க படுக்காங்க?" என்று விசாரித்துக்கொண்டு அதன்படி மறுநாள் சவாரியை ஒப்புக்கொண்டார்கள். மிளகுப்பேட்டை வியாபாரிகள் மூட்டைகளைப் பரண் மேல் ஏற்றிவிட்டு, தாத்தா காலத்தில் படகு கட்டிய இரும்பு வளையங்களுக்கு எண்ணெய் போட்டு வைத்தார்கள். துறைமேட்டு மீன்காரிகளுக்குச் சந்தையைக் கழுவுகிற வேலை மிச்சமானது. கோட்டைப்புறத்தில் வற்றிக் கிடந்த வாய்க்காலுக்குள் பிள்ளைகள் இறங்கிக் கிரிக்கெட் ஆடினார்கள், பெண்கள் சேற்றைத் துழாவி, காலம் காலமாகக் கைதவறி விழுந்த செம்பும் சருவமும் கும்பாவுமாக அள்ளிக்கொண்டு வந்து, விளக்கித் துடைத்து, பாத்திரத்தில் வெட்டியிருந்த பெயரை உரக்க வாசித்து அந்தந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பெயருக்கு உரியவர்கள் பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள், ஒரு கும்பாவுக்காக அண்ணன் தம்பிகள் இரண்டு நாள் பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் அதிலேயே பாயசம் ஊற்றிக் குடித்தார்கள். நகராட்சி இன்ஜினியர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து நீளமும் அகலமும் அளந்து பார்த்துவிட்டு, வாய்க்கால் கரையை உடைத்தால் அது தன் பொறுப்பு, ஒருத்தர் பின்னால் பிரியப்பட்டுப் போனால் அது அவர்கள் வீட்டு விஷயம் என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

பிறகு தாம்பாளங்கள் வர ஆரம்பித்தன. கோட்டைப்புறத்து லாட்ஜ்காரர்கள் வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்து, மாடியில் மூலை அறையை ஒழித்து வைத்திருப்பதாகவும் கொசுவலை புதிதாக வாங்கியிருப்பதாகவும் சொன்னார்கள். மிளகுப்பேட்டைக்காரர்கள் முந்திரிக்கொத்தோடு வந்து, மிளகு மூட்டையெல்லாம் ஊருக்கு வெளியே போய்விட்டது, தும்மல் வந்தால் எங்களைக் கேளுங்கள் என்றார்கள். துறைமேட்டுக்காரர்கள், கையில் இருக்கிற விருந்தாளியை ஏன் விட வேண்டும் என்று லாட்ஜ் வாசலிலேயே வாழைமரம் கட்டினார்கள். ஆவுடையப்பன் அந்த நாட்களில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். ஆயுசு முழுக்க யாரிடமாவது எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தவரை ஒரு நகரமே தேடி வந்து கேட்டது, அவரும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டார்.

உப்புப்பேட்டையிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. அவர்கள் தங்கியிருந்த துறைமேட்டு லாட்ஜில் காலைப் பலகாரம் செய்கிற தங்கபுஷ்பம் உப்புப்பேட்டைக்காரி என்று சங்கரவடிவுக்கு அப்புறம்தான் தெரிந்தது. நாற்பதைத் தொடப் போகிற வயது, கழுத்தில் தாலி இல்லை, இடியாப்பத்தை இலையில் வைக்கும்போது உதறாமல் மெத்தென்று வைக்கிற கை. கோட்டைப்புறத்துத் தட்டு வந்து போன ஒரு காலையில் அவள் ஜன்னல் பக்கம் நின்று, வாசலில் ஓடுகிற மருமகள் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கையிலிருந்த கரண்டியிலிருந்து தேங்காய்ப்பால் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீயும் எங்களக் கூப்பிடத்தான் வந்தியா?" என்று கேட்டாள் சங்கரவடிவு.

"இல்லக்கா, இடியாப்பம் வைக்க வந்தேன்" என்று தங்கபுஷ்பம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

சங்கரவடிவு அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டபோது விஷயம் வந்தது. ஓடப்பட்டினத்தில் கல்யாணப் பெண் பிறந்த வீட்டுப் படியிலிருந்து படகில்தான் புறப்பட வேண்டும், மூன்றாம் நாள் மறுவீட்டுக்கும் படகில்தான் வர வேண்டும். நடந்து போனவளுக்கு மறுவீடு கிடையாது, அப்புறம் அவள் அந்த வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் மீறியவர்களும் கிடையாது. உப்புப்பேட்டையில் வாய்க்கால் போனதும், முடிந்தவர்கள் வேறு பேட்டைக்குக் குடிமாறிப் போய்ப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள். தங்கபுஷ்பத்துக்கும் அவள் அம்மா அன்னத்தாய்க்கும் இருந்தது அந்த ஒரு வீடுதான். துறைமேட்டில் படகு என்ஜின் பழுது பார்க்கும் செல்லத்துரை அவளைத் தவிர வேறு பெண்ணை ஏறெடுத்துப் பார்க்காமல் காத்துக்கொண்டிருந்தான், அவனுக்கும் காதோரம் வெளுத்துவிட்டது.

"நடந்து போறதுக்கு எனக்கு வெக்கமில்லக்கா. தெனமும் வேலைக்கு நடந்துதான வாரேன், கூப்பிடு தூரம். ஆனா கழுத்துல தாலி ஏற நடந்து வந்துட்டா, அம்மாகிட்டத் திரும்பப் போக முடியாது. அம்மாவுக்குக் கால் விளங்கல, அவங்களும் வாசல் தாண்டி வர முடியாது. ஒரு கஞ்சி காச்சிக் குடுக்க ஆள் இல்லாம அவங்கள விட்டுட்டு நான் என்ன வாழ்ந்துரப் போறேன், சொல்லுங்க."

சங்கரவடிவு எழுந்து போய், மூன்றாவது பேட்டையின் பழத்தை உரித்துக்கொண்டிருந்த கணவர் முன்னால் நின்றாள்.

"எங்க தங்கணும்னு நான் சொல்லுதேன்" என்றாள். "உப்புப்பேட்டை."

"அங்க லாட்ஜே கிடையாதே, வடிவு. நான் விசாரிச்ச வரைக்கும் ஒருத்தரும்..."

"வீடு இருக்குல்லா."

அவர் வாய் திறந்தது, பழம் கையில் நின்றது, யோசிச்சுச் சொல்லுதேன் என்பது நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை வருஷத்தில் அவள் இப்படி ஒன்று வேண்டும் என்று சொல்லி அவர் கேட்டதில்லை, அது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. பழத்தை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

அன்னத்தாய் வீடு வறண்ட வாய்க்காலின் கரையில் இருந்தது, பின்பக்கம் படித்துறை இருந்தது, படித்துறைக்குக் கீழே மணலும் எருக்கஞ்செடியும் இருந்தன. செய்தி தெரிந்து உப்புப்பேட்டைக்காரர்கள் முன்னமே மண்வெட்டியோடு இறங்கி, எருக்கை வெட்டி, மணலை அள்ளி, வாய்க்கால் வந்தால் படுக்கத் தோதாகப் பாதை செய்து வைத்துவிட்டு, வராவிட்டால் யாரும் சிரிக்கக் கூடாதே என்று எல்லோரும் வேறு ஏதோ வேலையாக நிற்கிற மாதிரி நின்றார்கள். செல்லத்துரைக்கும் ஆள் போனது, முகூர்த்தம் அடுத்த நாளைக்கு அடுத்த நாள் என்று குறித்தார்கள். ஆனால் விடிந்தபோது படித்துறைக்குக் கீழே காய்ந்த மணல்தான் கிடந்தது.

வாய்க்கால் வராமல் இல்லை. உப்புப்பேட்டை எல்லை வரைக்கும் வந்திருந்தது. அங்கே வந்து, நின்று, திரும்பிப் போய், மறுபடி வந்து, கூண்டுக்குள் அலைகிற பிராணி மாதிரி அலைந்துகொண்டிருந்தது. காரணம் சங்கரவடிவு. அன்னத்தாயால் நடக்க முடியாது, தங்கபுஷ்பம் வேலைக்குப் போயிருந்தாள், வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை, சும்மா உட்காரத் தெரியாத சங்கரவடிவு விடியக் கருக்கலிலேயே குடத்தைத் தூக்கிக்கொண்டு துறைமேட்டுக் குழாய்க்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். அவள் போனால் வாய்க்கால் அவள் பின்னால் துறைமேட்டுக்குத் திரும்பியது, அவள் வந்தால் வாய்க்காலும் தட்டுத் தடுமாறித் திரும்பியது, அது எல்லையைத் தொடுவதற்குள் அவள் அடுத்த குடத்தோடு கிளம்பியிருந்தாள். உப்புப்பேட்டைக்காரர்கள் கரையில் நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்கள், விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது என்று யாருக்கும் வாய் வரவில்லை.

ஆவுடையப்பன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெரு நடுவில் போய் அவளை மறித்தார்.

"வடிவு, குடத்தக் கீழ வை."

"வீட்டுல தண்ணி இல்லங்க."

"வண்டி வரும்போது ஆளு ஒரு இடத்துல நிக்கணும். வண்டியத் தேடி எதுக்க ஓடினா, வண்டி ஒரு பக்கம் போயிரும், ஆளு ஒரு பக்கம் போயிரும். எத்தன பேரு அப்படித் தவறவிட்டதப் பாத்துருக்கேன் நான்." அவர் குடத்தில் கை வைத்தார். "அது உன்னத் தேடித்தான் வருது. நீ உக்காரு. தண்ணி நான் எடுத்துட்டு வாரேன்."

இரண்டு குடத்தையும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். குடத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கூட அவருக்குத் தெரியவில்லை, இடுப்பில் வைத்துப் பார்த்து, வழுக்கி, தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். சங்கரவடிவு படித்துறையில் உட்கார்ந்தாள். கைகள் இரண்டும் வேலையில்லாமல் மடியில் கிடந்தன, அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் சேலைத் தலைப்பைச் சுருட்டினாள், பிரித்தாள். எழுந்துவிடலாம் என்று கால் துறுதுறுத்தது. என்னைத் தேடி ஒன்று வருகிறது, நான் போக வேண்டாம், நான் இருந்தால் போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறிக் கரையில் இருந்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்ட நேரத்தில், மணல் முதலில் கறுத்தது, பிறகு மினுங்கியது, பிறகு மருமகள் வாய்க்கால் தன் பழைய வீட்டுக்குள் தயங்கித் தயங்கி நுழைந்து, படித்துறையில் ஒவ்வொரு படியாக ஏறி, அவளுடைய வெடித்த குதிகால்களை நனைத்தது.

கரையில் குலவைச் சத்தம் கிளம்பியது. அன்னத்தாய் உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து வந்து, தண்ணீரில் கையை விட்டு, "எங்கட்டி போயிருந்த இத்தன நாளா" என்று அதைத் திட்டினாள்.

கல்யாணம் நடந்தது. கோட்டைப்புறத்துக்காரர்கள் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும், பிறகு லாட்ஜுகளின் கொல்லைப்புறம் மாமியார் வாய்க்காலைப் பார்த்துத்தானே இருக்கிறது என்று ஜன்னலை அந்தப் பக்கம் வைக்கக் கொத்தனாரைக் கூப்பிட்டார்கள், தங்கள் தெப்பத் திருவிழாப் படகையும் சீர் மாதிரி அனுப்பி வைத்தார்கள். தங்கபுஷ்பம் அம்மாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, படியில் இறங்கிப் படகில் ஏறினாள். பெண்ணுக்குத் துணையாகச் சங்கரவடிவையும் ஏறச் சொன்னார்கள், புதுப்பெண் பக்கத்தில் அவள் படகில் உட்கார்ந்தாள், ஆவுடையப்பன் கரையோடு கூடவே நடந்து வந்து, "உக்கார வச்சுட்டேன் பாத்தியா" என்று கத்தினார்.

அதற்கு அடுத்த நாள் கிளம்ப வேண்டியிருந்தது. கீழக்கரட்டில் குழாயில் தண்ணீர் விடுகிற முறை வந்துகொண்டிருந்தது, அந்த நாளைத் தவறவிட்டால் இன்னும் பத்து நாள். உப்புப்பேட்டைக்காரர்களுக்குத் தெரியும், அக்கா போனால் வாய்க்காலும் போகும், மூன்றாம் நாள் மறுவீட்டுக்கு வர வேண்டிய தங்கபுஷ்பத்தின் படகு மணலில் நிற்கும், ஒரு தரம் தவறிய மறுவீடு தவறியதுதான். ஆனால் இருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அன்னத்தாய் வழிக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள், ஒவ்வொரு வீட்டிலும் திருநீறு பூசி அனுப்பினார்கள்.

சங்கரவடிவு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள், தண்ணீரிடம் மட்டும் சொல்லவில்லை. அதனிடம் போயிட்டு வாரேன் என்று சொன்னால் வர வேண்டும், இன்னொரு தரம் வரக் கொடுத்து வைத்திருக்கிறதோ இல்லையோ, அதனிடம் எப்படிப் பொய் சொல்வது என்று படித்துறைப் பக்கம் திரும்பாமலே பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டாள். பஸ் கிளம்பப் போகிற நேரத்தில் பின்பக்கத்தில் சத்தம் கேட்டது. மருமகள் வாய்க்கால் டிக்கெட் கவுண்டரைத் தாண்டி, பழக்கடையைத் தாண்டி, பஸ்ஸின் படிக்கட்டில் வந்து நின்றது, முன்வரிசைக்காரர்கள் பழக்கப்பட்டவர்களைப் போலக் கால்களைச் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார்கள். "அம்மா, அதுவும் ஏறுதுன்னா சீக்கிரம் ஏறச் சொல்லுங்க, டைம் ஆகுது" என்றார் கண்டக்டர்.

ஆவுடையப்பன், இருப்போமா போவோமா என்று கேட்கவில்லை. கண்டக்டரிடம் திரும்பி, "ரெண்டு நிமிஷம் நிப்பாட்டுங்க, நான் சொல்லுதேன்" என்றார், டைம்கீப்பர் குரலில். சங்கரவடிவு இறங்கித் தண்ணீருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"இங்க பாரு. என் பின்னால வந்தா நீ எங்க கரிசல்ல கால் வச்சதும் காஞ்சு போயிருவ. நாளைக்கு அந்தப் பிள்ள மறுவீட்டுக்கு வருவா, நீ இல்லன்னா அவ எப்படி அம்மாகிட்டப் போவா? நீ இங்கனயே இரு." உள்ளங்கையைத் தண்ணீரின் மேல் வைத்தாள். "நான் போயிட்டு வாரேன்."

தண்ணீர் அவள் மணிக்கட்டு வரை ஏறியது, பிறகு இறங்கியது. பஸ் திரும்பும்போது அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வாய்க்கால் பின்வாங்கிக்கொண்டிருந்தது, கோட்டைப்புறத்துக்கா உப்புப்பேட்டைக்கா என்று தெரிவதற்குள் வளைவு மறைத்துவிட்டது.

கீழக்கரட்டில் தண்ணீர் விட்ட நாளில் குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. தெருவிலேயே முதல் முதலாக ஒரு ஆம்பிளையும் அந்த வரிசையில் நின்றார், பச்சைக் குடத்தை முதலில் வைப்பதா நீலக் குடத்தை முதலில் வைப்பதா என்று ஆவுடையப்பன் யோசித்துக்கொண்டிருந்தார். சங்கரவடிவின் மடியிலிருந்த போன் அடித்தது.

"அக்கா" என்றது தங்கபுஷ்பத்தின் குரல். போனைக் கீழே தாழ்த்திப் பிடித்திருப்பாள் போல, படித்துறைக் கல்லில் தண்ணீர் மோதுகிற சத்தம் வந்தது, படகு தட்டுகிற சத்தம் வந்தது, தூரத்தில் அன்னத்தாய், "மெதுவா ஏறு, படி வழுக்கும்" என்று மகளைப் பார்த்துக் கத்துவது கேட்டது.

"ஏ சங்கரக்கா, ஒங்க முறை!" என்று பின்னாலிருந்து பெண்கள் கூப்பிட்டார்கள். "குழாய் நிக்கப் போவுது, குடத்த வைங்க!"

சங்கரவடிவு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வரிசையை விட்டு நகர்ந்து, வெயிலில் ஒரு கல்லின் மேல் சும்மா உட்கார்ந்தாள்.

"நீங்க பிடிங்கட்டி" என்றாள். "எனக்கு வந்தாச்சு."